பற்றவைத்த வாயு சிலிண்டர்களின் பலப் பரிசோதனை

நிரப்பு நிலையத்திலிருந்து விநியோகஸ்தரின் கிடங்கிற்குச் செல்லும் லாரி ஒன்றில், சாதாரணமாக முந்நூறு சமையல் வாயு சிலிண்டர்கள் நிமிர்த்தி அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் 14.2 கிலோகிராம் திரவம் அடங்கியுள்ளது. ஆக, வண்டி ஒன்றிற்கு நான்கு டன்னுக்கு மேற்பட்ட எரிபொருள், இரண்டரை மில்லிமீட்டர் அளவே கனமுள்ள எஃகுத் தகட்டிற்குள் அடைபட்டு, மேடு பள்ளமான சாலைகளில் குலுங்கியும், கோடை வெயிலில் காய்ந்தும், ரயில்வே கேட்டுகளில் காத்து நின்றும் பயணம் செய்கிறது. அத்தகடும், அதனை ஒன்றாகப் பிணைக்கும் வெல்டிங் இணைப்பும் போதிய பலம் உடையவை என்பதற்குச் சான்று யாது? அச்சான்று எத்தனை காலத்திற்குச் செல்லும்? எந்த நிபந்தனைகள் மீறப்பட்டால் அது செல்லாததாகிவிடும்? முதல் வினாவிற்குப் பலரும் விடை அறிவர். கடைசி வினாவே கள ஊழியர்களும் ஆசிரியர்களும் முக்கியமாகக் கருத வேண்டியது.

சட்டத்தின் கண்ணோட்டத்தில், அழுத்தப்பட்ட வாயு நிறைந்த சிலிண்டர் ஒரு வெடிபொருள் ஆகும். இதனைக் கேட்டு வியப்போர் உண்டு. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ், 1938இல் வெளியான அறிவிக்கை ஒன்று, உலோகக் கலத்தில் அடைத்த அழுத்த வாயுவையும் வெடிபொருளாகக் கொள்ள வேண்டும் என்று விதித்தது. அதனைத் தொடர்ந்து 1940இல் வாயு சிலிண்டர் விதிகள் இயற்றப்பட்டன. அவை 1981இலும் 2004இலும் புதுப்பிக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டின் விதிகளாக வழங்குகின்றன. இவ்விதிகளை நிறைவேற்றும் பொறுப்பு, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பினுடையது. சமையல் வாயு சிலிண்டர் எவ்வாறு செய்யப்பட வேண்டும், எவ்வாறு சோதிக்கப்பட வேண்டும் என்பதை ஐ.எஸ். 3196 என்னும் இந்தியத் தரம் வகுத்துரைக்கிறது. வெடிபொருள் என்னும் பெயர் தீப்பற்றும் குணத்தை மட்டும் கருதி இடப்பட்டதன்று. எரியாத நைட்ரஜன் வாயுவை அடைத்த சிலிண்டருக்கும் அதே விதிகளே பொருந்தும். ஆபத்து முதற்கண் அழுத்தத்தில் உள்ளது. நெருப்பு அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது.

ஆக்ஸிஜன் போன்ற வாயுக்களை அடைக்கும் உயர் அழுத்தச் சிலிண்டர்கள் இணைப்பே இல்லாத ஒரே எஃகுக் கலங்கள். அவற்றில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோகிராம் வரை செல்வதுண்டு. குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடும் வாயுக்களுக்கு அத்தகைய கனத்த கலம் வேண்டுவதில்லை. ஆதலின் மெல்லிய தகட்டை அழுத்தி வளைத்து, வெல்டிங் முறையில் பற்றவைத்துச் செய்த சிலிண்டர்கள் அவற்றிற்குப் போதுமானவை. இக்கட்டுரை இவ்வகையைப் பற்றியதே.

25 என்னும் எண் எங்கிருந்து வந்தது?

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அதில் பெரும்பகுதி திரவமாகவும், மேற்புறத்தில் சிறிதளவு ஆவியாகவும் இருக்கும். திரவத்தின் மேல் உள்ள ஆவியின் அழுத்தம், திரவம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று, உஷ்ணநிலையைப் பொறுத்தது. சிலிண்டர் நிறைந்திருப்பினும், கால் பங்கே எஞ்சியிருப்பினும், ஒரே உஷ்ணநிலையில் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். நம் நாட்டின் சாதாரண நாள்களில் இது சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 7 கிலோகிராம் வரை இருக்கும். "பாதி தீர்ந்த சிலிண்டரில் அழுத்தம் பாதியாகிவிடும்" என்று மாணவர் மட்டுமின்றிப் பெரியோரும் எண்ணுவது வழக்கம். அக்கருத்தைத் திருத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

சிலிண்டர் அமைப்போர் சாதாரண நாளைக் கணக்கில் கொள்வதில்லை. நிழலற்ற இடத்தில் வெயிலில் நின்ற வண்டியின் உள்ளே உலோகம் எவ்வளவு சூடேறலாம் என்பதை உத்தேசித்து, 65 டிகிரி சென்டிகிரேடு என்னும் அளவை விதிகள் எடுத்துக்கொண்டுள்ளன. அந்த உஷ்ணநிலையில் சமையல் வாயுக் கலவையின் ஆவி அழுத்தம் 16.87 கிலோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நிர்ணயம். இதனை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கினால் கிடைப்பதே 25 கிலோகிராம். புதிதாகச் செய்யப்பட்ட ஒவ்வொரு சிலிண்டரும் இந்த அழுத்தத்தைத் தாங்கிக் காட்டிய பின்னரே தொழிற்சாலையை விட்டு வெளிவர வேண்டும்.

இவ்வெண் குறிப்பிட்ட சரக்கிற்காகவே வகுக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். தூய புரோப்பேனின் ஆவி அழுத்தம் 65 டிகிரியில் 22 கிலோகிராமைத் தாண்டிவிடும். அதற்கு ஒன்றரை மடங்கு எனில் 33 கிலோகிராமுக்கு மேல் பரிசோதித்த கலம் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் போக்குவரத்து விதிகளில், புரோப்பேனுக்கு வழக்கமாகக் கையாளப்படும் பற்றவைத்த சிலிண்டர் சதுர அங்குலத்திற்கு 240 பவுண்டு இயங்கு அழுத்தம் உடையது. அதன் இருமடங்கான 480 பவுண்டில் அது சோதிக்கப்படுகிறது. இதனை நம் அளவையில் கூறின் 33.7 கிலோகிராம். இரு நாட்டாரும் வெவ்வேறு வழியில் கணக்கிட்டும், ஏறத்தாழ ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்திருப்பது கருதத்தக்கது. இதிலிருந்து, ஒரு வாயுவிற்கெனச் சோதிக்கப்பட்ட சிலிண்டரில் வேறொரு வாயுவை அடைப்பது ஏன் குற்றமாகக் கருதப்படுகிறது என்பது தெளிவாகும்.

நீரால் சோதிப்பதன் காரணம்

பலப் பரிசோதனைக்குச் சிலிண்டரை நீரால் முற்றிலும் நிரப்பி, காற்றுக் குமிழி எதுவும் இல்லாதவாறு வெளியேற்றி, பம்பு ஒன்றினால் அழுத்தத்தை 25 கிலோகிராம் வரை ஏற்றுவர். குறைந்தது 30 வினாடிகள் அவ்வழுத்தம் நிலைத்து நிற்க வேண்டும். அழுத்தமானி சிறிதும் இறங்கக் கூடாது. இணைப்பின் மீது நீர்த்துளி கசியக் கூடாது. கலம் உருமாறக் கூடாது.

காற்றை அடைத்துச் சோதித்தால் என்ன என்னும் கேள்வி எழலாம். சிறு கணக்கு ஒன்று இதற்கு விடை பகரும். நீர் அழுத்தத்தால் மிகச் சிறிதளவே சுருங்குவது. வீட்டுச் சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். அதனை நீரால் நிரப்பி 25 கிலோகிராம் அழுத்தத்திற்கு ஏற்றும்போது, நீரின் சுருக்கத்திலும் எஃகின் விரிவிலும் சேர்ந்து அடங்கியுள்ள சக்தி ஏறக்குறைய 100 ஜூல். பத்து லிட்டர் நீருள்ள வாளியை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆகும் உழைப்பே அது. அதே கலத்தில் அதே அழுத்தத்திற்குக் காற்றை அடைத்தால், அடங்கும் சக்தி இதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. பத்து டன் லாரியை ஒரு மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது. நீர்ப் பரிசோதனையில் கலம் பிளந்தால் நீர் பீச்சியடித்து உடனே அடங்கிவிடும். காற்றுப் பரிசோதனையில் பிளந்தால் அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது. ஆதலின், பலம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே, வால்வு பொருத்திய நிலையில், 12 கிலோகிராம் அழுத்தத்தில் காற்றடைத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் கசிவு பார்க்கும் சோதனை நடத்தப்படுகிறது. இவ்விரண்டின் வரிசையை மாற்றுதல் ஒருபோதும் தகாது.

தாங்கிற்று என்பது மட்டும் போதாது. நிரந்தரமாக விரிந்துவிடாமல் தாங்கிற்றா என்பதையும் அறிய வேண்டும். அழுத்தத்தில் எஃகு விரிவது இயல்பு. அழுத்தம் நீங்கியதும் பழைய அளவிற்கே அது மீண்டுவிட வேண்டும். சிலிண்டரை நீர் நிறைந்த மற்றொரு கலத்திற்குள் வைத்துச் சோதிப்பது இதற்கான ஒரு முறை. உள்ளிருக்கும் சிலிண்டர் விரியும் அளவிற்கு வெளிக்கலத்து நீர், அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் மேலே ஏறும். வீட்டுச் சிலிண்டருக்கு இவ்விரிவு நாற்பது, ஐம்பது மில்லிலிட்டரை ஒட்டியிருக்கும். அழுத்தத்தை நீக்கியதும் நீர்மட்டம் இறங்குகிறது. முற்றிலும் இறங்காமல் எஞ்சி நிற்கும் அளவே நிலையான விரிவு. அது மொத்த விரிவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விதிகள் கூறுகின்றன. ஒரு தேக்கரண்டி நீரின் ஏற்ற இறக்கத்தில் ஒரு சிலிண்டரின் தகுதி நிர்ணயமாகிறது எனின் மிகையன்று.

வெல்டிங் இணைப்பு ஏன் இடுப்பில் இருக்கிறது?

வீட்டுச் சிலிண்டரை உற்று நோக்கினால், அதன் நடுப்பகுதியில் ஒட்டியாணம்போல் ஒரு வெல்டிங் வளையம் சுற்றி ஓடுவதைக் காணலாம். மேலிருந்து கீழாக ஓடும் இணைப்பு எதுவும் காணப்படாது. வட்டமாக வெட்டிய இரு தகடுகளை அச்சில் அழுத்தி இரு கிண்ணங்களாக்கி, ஒன்றின் விளிம்பைச் சிறிது உள்வாங்கச் செய்து மற்றொன்றிற்குள் செருகிப் பற்றவைப்பதே இதன் செய்முறை. இணைப்பு அந்த இடத்தில் அமைந்ததற்கு, உற்பத்தியின் வசதி மட்டும் காரணமன்று.

வகுப்பில் செய்து காட்டத்தக்க கணக்கு இது. விட்டம் 31.4 சென்டிமீட்டர், தகட்டின் கனம் 0.25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க முயலும் விசை, அழுத்தத்தை விட்டத்தாலும் நீளத்தாலும் பெருக்கக் கிடைப்பது. அதனை எதிர்த்து நிற்பவை இருபுறமும் உள்ள இரண்டு தகட்டு விளிம்புகள். நீளம் இருபுறமும் பொதுவாதலால் நீங்கிவிடும். 25ஐ 31.4ஆல் பெருக்கி, 0.25இன் இருமடங்கால் வகுத்தால் 1,570 கிடைக்கும். அதாவது, தகட்டின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 1,570 கிலோகிராம் இழுவிசையைத் தாங்குகிறது. இனி, குறுக்குவாக்கில் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பிரிக்க முயலும் விசையைக் கணக்கிடுவோம். அது அழுத்தத்தை வட்டத்தின் பரப்பால் பெருக்கக் கிடைப்பது. எதிர்த்து நிற்பதோ சுற்றளவு முழுவதும் உள்ள தகடு. இதன்படி கிடைக்கும் விடை 785, அதாவது சரிபாதி. இடுப்பைச் சுற்றி ஓடும் இணைப்பைப் பிரிக்க முயல்வது இந்தப் பாதி விசையே. கலத்தின் மிக ஐயத்திற்குரிய பகுதியை, சுமை மிகக் குறைந்த திசைக்கு எதிராக நிறுத்தியிருப்பது பொறியியலின் விவேகம்.

முற்றிப் பழுத்த வெள்ளரிப்பழம் நீளவாக்கில் வெடிப்பதைக் கிராமத்து மாணவர் அனைவரும் கண்டிருப்பர். பழத்தின் நார்ப் போக்கிற்கும் அதில் பங்குண்டு எனினும், உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் உருளை வடிவை நீளவாக்கிலேயே முதலில் பிளக்கும் என்பதை நினைவூட்ட அது போதும். 47.5 கிலோகிராம் போன்ற பெரிய சிலிண்டர்களில் நடுவே நீண்ட உருளைப் பகுதி வேண்டியிருப்பதால், நீளவாக்கு வெல்டிங்கைத் தவிர்க்க இயலாது. ஆதலின் அவ்விணைப்பின் மீது ஆய்வாளரின் கவனம் இன்னும் கூடுதலாகச் செல்கிறது.

இத்தகடுகளுக்குச் சாதாரணமாகக் கையாளப்படும் எஃகு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2,450 கிலோகிராம் இழுவிசை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடியது. பரிசோதனையின்போது ஏற்படும் 1,570 இதில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் சற்றுக் குறைவு. அன்றாடம் அடுப்படியில் ஏற்படுவது 400ஐ ஒட்டியதே. இம்மூன்று எண்களையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. பின்னர் மீண்டும் வேண்டப்படும்.

இணைப்பின் தரத்தை அழுத்தப் பரிசோதனை மட்டும் முற்றிலும் உணர்த்திவிடாது. அரை நிமிடம் தாங்கிய இணைப்பிற்குள் சிறு வெற்றிடமோ கசடோ மறைந்து கிடக்கலாம். எனவே இணைப்பை எக்ஸ் கதிரால் படம் பிடித்துப் பார்க்கின்றனர். வளையமாக ஓடும் வெல்டிங் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றின்மேல் ஒன்று அமைவதால், குறை தங்குவதற்கு வாய்ப்பு அங்கேதான் மிகுதி. படம் பிடிப்பதற்கு அவ்விடத்தையே தேர்வது வழக்கம். தொகுதியிலிருந்து எடுத்த சிலிண்டரை வெட்டி, இணைப்பின் குறுக்காக எடுத்த பட்டைகளை இழுத்து அறுத்தும், வளைத்தும் பார்க்கின்றனர். வளைத்த பட்டையில் பிளவு தோன்றலாகாது.

வெல்டிங்கினால் உண்டாகும் உள் இழுப்புகளைப் போக்குவதற்காக, சிலிண்டர் முழுவதையும் உலையிலிட்டு, ஏறக்குறைய 600 முதல் 650 டிகிரி வரை சூடேற்றியோ, அதனினும் உயர்ந்த உஷ்ணநிலைக்குக் கொண்டுசென்றோ பக்குவப்படுத்துகின்றனர். நீர்ப் பரிசோதனை இதற்குப் பின்னரே. இவ்வரிசைக்கு நடைமுறையில் பெரும் பொருள் உண்டு. அடிவளையம் கழன்றுவிட்டது என்று தெருமுனைப் பட்டறையில் கொடுத்து ஒட்டவைத்த சிலிண்டர், தொழிற்சாலை முத்திரையைத் தாங்கியிருப்பினும், பக்குவப்படுத்தவும் சோதிக்கவும் பெறாத புதியதொரு கலமாகிவிடுகிறது. உரிய அனுமதி பெற்ற பணிமனையில் அன்றி வேறெங்கும் சிலிண்டரைப் பழுது பார்த்தல் கூடாது என விதிகள் தடுப்பதன் காரணம் இதுவே.

உடைத்துப் பார்த்தல்

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரியாக எடுத்த சிலிண்டர் வெடிக்கும் வரை நீரழுத்தம் ஏற்றப்படுகிறது. மேற்கூறிய கணக்கைத் தலைகீழாகப் போட்டால், இவ்வகை எஃகினால் ஆன கலம் 50 கிலோகிராமுக்கு மேல், அதாவது பரிசோதனை அழுத்தத்தின் இருமடங்கிற்கு மேல் சென்றே பிளக்க வேண்டும் என்று விளங்கும். எந்த அழுத்தத்தில் வெடித்தது என்பதோடு எப்படி வெடித்தது என்பதையும் ஆய்வாளர் குறித்துக்கொள்கிறார். நல்ல சிலிண்டர் வெடிப்பதற்கு முன் வயிறு பருத்து, தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி விரிவடைகிறது. பின்னர்த் தகட்டின் உடலில் நீளவாக்கில் ஒரே பிளவாகக் கிழிகிறது. துண்டு எதுவும் சிதறுவதில்லை. கிழிந்த விளிம்பு மெலிந்து இழுபட்டிருக்கும். பருக்காமலே கண்ணாடிபோல் நொறுங்குமாயினும், வெல்டிங் இணைப்பிலிருந்தே பிளவு தொடங்குமாயினும், அழுத்த அளவு எவ்வளவு உயர்ந்திருப்பினும் அதனை நம்புவதற்கில்லை. சாலை விபத்தில் நசுங்கும் சிலிண்டர் நெளிந்து கொடுக்குமா, உடைந்து சிதறுமா என்பதை இச்சோதனையே முன்கூட்டி உணர்த்துகிறது.

எடைக் கட்டுப்பாடும் பலத்தின் ஒரு பகுதியே

25 கிலோகிராம் பரிசோதனை ஆவியின் அழுத்தத்திற்கு எதிராகவே செய்யப்பட்டது என்று மேலே கண்டோம். அந்தக் கணக்குச் செல்லுபடியாவதற்கு, சிலிண்டருக்குள் ஆவிக்கு எப்போதும் இடம் இருந்தாக வேண்டும். 33.3 லிட்டர் கலத்தில் 14.2 கிலோகிராம் மட்டுமே நிரப்புவது இதற்காகவே. சாதாரண உஷ்ணநிலையில் அத்திரவம் கலத்தின் ஐந்தில் நான்கு பங்கை அடைத்துக்கொள்ளும். 65 டிகிரியில் விரிந்து ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை எட்டும். அப்போதும் மேலே இடம் எஞ்சியிருக்கும்.

சுமார் மூன்றரைக் கிலோகிராம் கூடுதலாக நிரப்பிவிட்டால் என்ன நிகழும்? 30 டிகிரியை ஒட்டியே திரவம் கலம் முழுவதையும் நிறைத்துவிடும். அதற்குமேல் விரிய இடமின்மையால், உஷ்ணம் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பல கிலோகிராம் வீதம் உயரும். சில டிகிரி ஏறுவதற்குள் பரிசோதனை அழுத்தத்தையே அது எட்டிவிடக்கூடும். 65 டிகிரியை உத்தேசித்துக் கணக்கிட்டுச் செய்த கலம், அளவு மீறி நிரப்பப்பட்டால் பங்குனி மாதத்து நண்பகலுக்கே ஈடுகொடுக்க இயலாமற் போகும். சிலிண்டரிலிருந்து சிலிண்டருக்கு ரப்பர்க் குழாய் வைத்து மாற்றி நிரப்பும் களவுத் தொழிலில், தராசு இருப்பது அரிது. நிரப்பப்படும் சிறு சிலிண்டர் என்றேனும் சோதிக்கப்பட்டதா என்பதும் ஐயமே. அச்செயலில் தீ விபத்து நேரும் என்பதைப் பலர் அறிவர். தீ நேராமல் தப்பிய சிலிண்டரும் ஆபத்தானதே என்பதை அறிந்தவர் சிலரே.

காலமும் துருவும்

முன்னர்க் குறித்த எண்களுக்கு இப்போது திரும்புவோம். ஈரத்தரையில் நெடுங்காலம் நின்று, அடிவளையத்தின் உட்புறம் துருப்பிடித்து, ஓரிடத்தில் தகட்டின் கனம் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 1.5 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது என்று கொள்வோம். கனம் முழுவதும் அவ்வாறே குறைந்ததாகக் கணக்கிட்டால், அன்றாட அழுத்தத்தில் தகட்டின் இழுவிசை 630ஐ ஒட்டியே இருக்கும். எஃகின் எல்லையான 2,450க்கு அது வெகு தொலைவு. ஆகவே அச்சிலிண்டர் ஆண்டுக்கணக்கில் எவ்வித அறிகுறியும் காட்டாமல் அடுப்பெரித்துக் கொண்டிருக்கும். ஆனால் 25 கிலோகிராம் பரிசோதனையில் இழுவிசை 2,600ஐத் தாண்டிவிடும். எஃகு நிரந்தரமாக நீண்டு, குறை வெளிப்பட்டுவிடும். "இத்தனை நாள் நன்றாக இருந்ததே" என்னும் சமாதானம் ஏன் செல்லாது என்பதும், மறுபரிசோதனையைச் சாதாரண அழுத்தத்தில் நடத்தாமல் முழு அளவில் நடத்துவது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

நம் விதிகளின்படி, புதிய சமையல் வாயு சிலிண்டர் பத்து ஆண்டுகள் கழித்து முதல் மறுபரிசோதனைக்கும், அதன் பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கும் உட்பட வேண்டும். சிலிண்டரின் தலைப்பகுதியில் கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகள் மூன்று உண்டு. அவற்றுள் ஒன்றின் உட்புறத்தில், அடுத்த பரிசோதனைக்குரிய காலம் ஓர் எழுத்தாலும் ஈரிலக்க எண்ணாலும் குறிக்கப்பட்டிருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டி 31 என்றிருப்பின், 2031ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டிற்குள் அச்சிலிண்டர் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது பொருள். இதனை வாயு கெட்டுப்போகும் தேதி என்று பலர் பிழைபடக் கருதுகின்றனர். வாயு கெடுவதில்லை, கலத்தின் சான்றே காலாவதியாகிறது. கெடு கடந்த சிலிண்டர் வீட்டிற்கு வந்தால், அதனைப் பெறாமல் மாற்றித் தருமாறு கேட்கலாம். எழுத்தறிந்த மாணவன் ஒருவன் தன் வீட்டில் இக்குறியைப் படித்துக் கூறினால், அந்தப் பாடம் பயன்பட்டதாகக் கொள்ளலாம்.

மறுபரிசோதனையில் முதலில் கவனிக்கப்படுவது கண்ணுக்குப் புலனாகும் குறைகள்: கூரிய கீறல், வெல்டிங் இணைப்பின் மீது அமுங்கிய பள்ளம், ஆழமான துருக்குழி, தீயில் பட்ட தடயம். அடுத்து வெற்று எடை பார்க்கப்படுகிறது. பட்டையில் பொறித்த வெற்று எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்திருப்பின், அச்சிலிண்டர் கழிக்கப்பட வேண்டும். தராசு ஒன்றே போதுமான இவ்வெளிய சோதனை, துரு எவ்வளவு எஃகைத் தின்றுவிட்டது என்பதைக் கூறிவிடுகிறது. ஆயினும் ஒரே இடத்தில் ஆழ்ந்து அரித்த துருவை எடை காட்டிக்கொடுக்காது. ஆதலின் கண்ணால் காணும் சோதனையை எடைச் சோதனைக்கு ஈடாகக் கொள்ள இயலாது. எடைச் சோதனையை நீர்ப் பரிசோதனைக்கு ஈடாகவும் கொள்ள இயலாது.

சாலையில்

போக்குவரத்து பற்றிய விதிகளை இப்பின்னணியில் வைத்துப் படிப்போர்க்கு, அவை வெறும் தடைகளாகத் தோன்றமாட்டா. திரவ வாயு சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். வால்வின் பக்கம் எப்போதும் ஆவி இருக்குமாறு செய்வதற்காக. கவிழ்ந்த சிலிண்டரில் கசிவு நேரின் வெளிப்படுவது திரவம். அது வெளியே வந்ததும் தன் பரிமாணத்தைப்போல் ஏறத்தாழ இருநூற்றைம்பது மடங்கு ஆவியாக விரியும். வண்டியின் உட்புறத்தில் கூரிய முனைகள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதும், சிலிண்டர்களை உருட்டவோ மேலிருந்து போடவோ கூடாது என்பதும், மேலே கூறிய கீறலையும் பள்ளத்தையும் தவிர்ப்பதற்காகவே. மிதிவண்டியிலும் இயந்திரம் பூட்டிய இருசக்கர வண்டியிலும் நிறைந்த சிலிண்டரைக் கொண்டு செல்வதற்கு விதிகள் இடமளிப்பதில்லை. நடைமுறையில் இது எவ்வளவு மீறப்படுகிறது என்பதைக் கள ஊழியர்க்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. மீறுவோரிடம் அபராதத்தைப் பற்றிப் பேசுவதைவிட, கல்லில் மோதி இணைப்பின் மீது விழும் ஒரு பள்ளம் அடுத்த வீட்டாரின் சமையலறையில் போய் நிற்கும் என்பதை எடுத்துரைப்பது பயன் தரலாம். சிலிண்டர் ஒருவருடைய உடைமை அன்று. கை மாறிக்கொண்டே இருப்பது. இன்று ஒரு வீட்டில் பட்ட அடி, அடுத்த மாதம் மற்றொரு வீட்டில் இருக்கும்.

பரிசோதனையில் தவறிய சிலிண்டரை மூலையில் போட்டு வைப்பதற்கும் விதிகள் இசைவதில்லை. அதனை முற்றிலும் நசுக்கிவிட வேண்டும். அல்லது எவரும் மீண்டும் பற்றவைத்து ஒன்றாக்க முடியாதவாறு துண்டுகளாக வெட்டிவிட வேண்டும். எந்தச் சிலிண்டர் என்று அழிக்கப்பட்டது என்பதையும் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்.